கல்லறை மேல் ஒரு பீரங்கி வண்டி

பீரங்கி வண்டிக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

இந்தத் தொழிலில் எனக்கு ஆறு வருடம் ஆகிறது. ஓடிப்போன மாப்பிள்ளை, இரண்டு ஊரில் இரண்டு குடும்பம் வைத்திருந்த வாத்தியார், சாமி நகையைச் சுட்ட தர்மகர்த்தா என்று எல்லா வகையும் பார்த்தாயிற்று. மாதா படத்துக்கும் செத்துப்போன மகன் படத்துக்கும் நடுவே பீரங்கியை வைத்துக் கும்பிடும் வீட்டை அன்றுதான் பார்த்தேன். நாக்கு நுனிக்கு ஒரு ஜோக் வந்தது. எங்களைக் கூப்பிட்டிருந்த இருதயம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன். ஃபாஜிலாகிய நான் ஜோக்கை விழுங்குவது எவ்வளவு அபூர்வம் என்று என் முதலாளி எழில்மொழி மேடத்தைக் கேட்டால் சொல்வார்.

மேடம் முன்பு சர்வேயர். இருபது வருடம் டெல்டா முழுக்க வயல் அளந்து, வரப்பை ராவோடு ராவாகத் தள்ளிப் போட்டவர்களையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்தவர். பிடித்தவர்களில் பாதிப் பேர் பெரிய இடத்து ஆட்கள். சலித்துப்போய் வேலையை விட்டுவிட்டு, தஞ்சாவூரில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். அளக்கும் டேப் மட்டும் இன்னும் கைப்பையில் இருக்கிறது. இப்போதும் அதை எடுத்து, அனுமதி கேட்டுக்கொண்டு, பீரங்கி வண்டியை அளந்தார். ஒரு அடிக்குச் சற்று மேல் நீளம்.

கையால் செய்த பொம்மை. பொம்மை என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் பித்தளைக் குழாய்தான் பீரங்கிக் குழல். மாட்டுக்கு ஊசி போடும் மருந்துக் குப்பியின் அலுமினிய மூடிகள் பக்கத்துக்கு ஆறு சக்கரமாகியிருந்தன. சக்கரத்தைச் சுற்றி ஓடும் பட்டை, சைக்கிள் டியூபில் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது. மணல் நிறமும் பச்சையும் கலந்து பெயிண்ட். முன்னால் டிரைவர் இறங்கும் மூடி திறந்திருக்க, உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சீட். மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை என்பது எனக்கே தெரிந்தது.

இருதயம்மாள் விஷயத்தைச் சொன்னார். மகன் ரெமிஜியஸ் ராணுவத்தில் பீரங்கிப் படை. பீரங்கியைச் சுமந்துகொண்டு தானே ஓடும் இந்த வகை வண்டிக்கு அவன் டிரைவர். போன பிப்ரவரியில் வீட்டுக்குச் சொல்லாமல் லீவில் வந்தான். நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கி, நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பியவன், வலங்கைமானுக்கு இந்தப் பக்கம் உள்ள அவர்கள் ஊருக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பொழுது சாயும் நேரம், மழை இல்லை, எதிரே வண்டி இல்லை. போலீஸ் வந்து பார்த்தபோது நேரான தார்ச்சாலையில் ஒரு கல்கூட இல்லை.

அப்படியானால் குடித்திருப்பான் என்று ஊர் முடிவு செய்தது. ஆஸ்பத்திரிப் பரிசோதனைத் தாள் இல்லை என்றது, டீக்கடை ஆமாம் என்றது. எந்த ஊரிலும் டீக்கடைதான் ஜெயிக்கும். ஒன்பது மாதமாக இருதயம்மாள் கோயிலில் கடைசி வரிசையில்தான் உட்காருகிறாராம்.

இந்த மாதம் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். காலையில் மகன் கல்லறையைக் கழுவி வெள்ளையடித்துவிட்டு வந்தார். மாலையில் சாமியார் கல்லறைகளை மந்திரிக்க வந்தபோது அதன் மேல் இந்த வண்டி நின்றது. நனையாமல் இருக்க பாலிதீன் தாள் போர்த்தியிருந்தது. ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாக அலைந்த நாளில் வைத்தவரை யார் கவனிப்பார்கள்?

"அவன்கூட வேலை பாத்தவங்க யாரோதான் வச்சிருக்கணும்" என்றார் இருதயம்மாள். "யாருன்னு கண்டுபிடிச்சு எம் முன்னால கொண்டாந்து நிறுத்துங்க. ஒரே ஒரு வார்த்த கேக்கணும்."

என்ன வார்த்தை என்று மேடம் கேட்டார். அதை வந்தவரிடம்தான் கேட்பேன் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள்.

பின்வாசலில் அவர் கணவர் குழந்தைராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி செருகிக்கொண்டிருந்தார். எவனோ பிரியமானவன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அதைத் தோண்டுவானேன் என்று தலையைத் தூக்காமலே சொன்னார். மகனை இழந்த மனிதர், விரக்தியில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். துப்பறிவாளனின் உதவியாளன் நினைப்பதெல்லாம் சரியாக இருந்தால் துப்பறிவாளன் எதற்கு?

ரெமிஜியஸுடன் ஒரே வண்டியில் வேலை பார்த்த சேரன் நன்னிலத்துக்காரன். லீவில் வந்திருந்தான். வண்டியை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, மேடம் மடியில் ஏற்றி, காரை நான் ஓட்டினேன். இரண்டு பக்கமும் சம்பா நட்ட வயல்களில் தண்ணீர் தளும்பி நின்றது. வழியில் மழை பிடித்துக்கொண்டது.

"இந்த டாங்கிய எங்க வைக்கட்டும்?" என்று சேரன் வீட்டு வாசலில் கேட்டேன்.

"டாங்கி இல்லண்ணே. டாங்கி நேருக்கு நேரா சுடும். இது முப்பது கிலோமீட்டர் தள்ளி நின்னு சுடும்."

"எங்க சித்தப்பா மாதிரி. சண்டைய மூட்டிட்டுத் தூரமா நிப்பாரு."

சேரன் சிரித்தான். பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வெகுநேரம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குழலின் நீளம், சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி, எல்லாம் அச்சு அசல் என்றான். ஆனால் பட்டாளத்தான் யாரும் இதைச் செய்யவில்லை என்று அடித்துச் சொன்னான்.

"டிரைவர் உக்கார்றது எடது பக்கம். இதுல வலது பக்கம் இருக்கு. ரெமி அண்ணன் உக்கார்ற எடத்த நாங்க தப்பா செய்வோமா மேடம்?"

அது மட்டும் இல்லை. எஞ்சின் புகை போகும் சல்லடை, மேலே குறிபார்க்கும் கருவி, எல்லாமே பக்கம் மாறியிருந்தன. மேடம் டேப்பை விரல்களுக்கு நடுவே உருட்டினார். ஒன்று தப்பாக இருந்தால் மறதி என்று சொல்லலாம், எல்லாமே ஒழுங்காகத் தப்பாக இருந்தால் அதற்குப் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் எனக்கு மூளை வேலை செய்யாது, கை வேலை செய்யும். போனை எடுத்து என்னையும் வண்டியையும் சேர்த்து ஒரு செல்ஃபி எடுத்தேன். சேரனிடம் காட்டினேன். என் சட்டைப் பாக்கெட் இடப்பக்கம்தான் இருக்கிறது. படத்தில் அது என் வலது மார்பில் இருந்தது.

"கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டுது" என்றான் சேரன்.

"அதுதான்" என்றார் மேடம். "இத செஞ்சவங்க நெஜ வண்டியப் பாத்ததே இல்ல. ஒரே ஒரு செல்ஃபியப் பாத்து செஞ்சிருக்காங்க. எல்லாம் செஞ்சவங்க வண்டி நம்பர மட்டும் எழுதாம விட்டிருக்காங்க பாரு. படத்துல எழுத்து எடம் வலமா மாறி வந்திருக்கும், படிக்க முடிஞ்சிருக்காது."

சேரனுக்கு உடனே நினைவு வந்தது. போன வருடம் பொதுமக்கள் பார்ப்பதற்கு வைத்த கண்காட்சி ஒன்றில் ரெமிஜியஸ் வண்டிக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்தான். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியதாகச் சொன்னானாம். நான் அங்கிருந்தே ரெமிஜியஸின் தங்கை ஜாய்ஸுக்குப் போன் போட்டேன். ஆமாம், அண்ணன் குழுவில் போட்டான், எல்லாரும் பார்த்தோம் என்றாள். குழுவில் எத்தனை பேர் என்று கேட்டேன். நாற்பத்து மூன்று.

"நாப்பத்து மூணு பேரையும் வரிசையா நிக்க வச்சு சட்டைப் பாக்கெட்ட சோதிக்கலாமா மேடம்?"

 மேடம் வண்டியைத் தூக்கி அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி ஒரு பலகையின் மேல் திருகி நிறுத்தப்பட்டிருந்தது. பலகையின் நடுவே வட்டமாக மரக்கட்டை ஒன்றை அடித்து அடைத்து, மேலே பெயிண்ட் பூசியிருந்தார்கள். எனக்கு அது சாதாரண ஒட்டு. மேடம் மொபைல் வெளிச்சத்தில் காட்டிய பிறகுதான் தெரிந்தது, அந்த ஓட்டை நேராக இல்லாமல் சாய்வாகப் போனது. பலகையின் கீழ் விளிம்பு மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. நீளமான மூங்கில் கழியைச் சாய்வாகச் செருகினால் அது என்ன ஆகும் என்று கேட்டார். சேரனின் அம்மா உள்ளே இருந்து பதில் சொன்னார்: காயப்போட்ட நெல்லைத் தள்ளும் பலகை.

ஆக, செய்தவர் சொந்தக்காரர், நெல் காயவைப்பவர். அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் விவசாயிகள். நாற்பத்து மூன்று இருபதானது.

மேடம் அடுத்து வண்டியின் தலைக்குப் போனார். மேலே வயர்லெஸ் கம்பிக்காக மெல்லிசாக இரண்டு முடி நின்றது. பூனை மீசையாக இருக்கும், பூனையைத் தேடுவோம் என்றேன். மேடம் முடியின் அடியில் இருந்த சிறு முடிச்சை நகத்தால் சுரண்டினார். பச்சைப் பெயிண்ட் உதிர்ந்து உள்ளே உமி தெரிந்தது. அது முடிச்சு இல்லை, நெல்மணி. அதன் நுனியிலிருந்துதான் அந்த முடி வளர்ந்திருந்தது.

வால் நெல். அந்தக் காலத்து ரகங்களில் சிலவற்றுக்கு மணியின் நுனியில் இப்படி நீளமாக வால் இருக்கும். இப்போது யாரும் பயிரிடுவதில்லை.

மேடம் முகம் மாறிவிட்டது. அவர் முகம் மாறினால் வழக்கு முடியப்போகிறது என்று அர்த்தம், வழக்கமாக எனக்குச் சந்தோஷம் வரும். அன்றைக்கு வரவில்லை.

"தள்ளுபலகை, நெல்லு" என்றார் மெதுவாக. "இவ்வளவு நேர்த்தியா செய்யத் தெரிஞ்ச ஆளுக்கு வயர்லெஸ் கம்பிக்கு ஒரு செம்புக் கம்பி கெடைக்கலையா, ஃபாஜில்? இது பொம்ம இல்ல. நேராச் சொல்ல வாய் வராத யாரோ எதையோ சொல்லப் பாத்திருக்காங்க."

திரும்பும் வழியில் காத்தானைப் பார்த்தோம். அறுவடை மிஷினை வயல் வயலாக ஓட்டி அனுப்புகிற ஏஜெண்ட். வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் என்ன ரகம் என்று அந்த வயல்காரருக்கு முன்னால் இவருக்குத் தெரியும். மேடம் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வால் நெல்லா?" என்று யோசித்தார் காத்தான். "அது ஆளு ஒசரம் வளந்து சாஞ்சு கெடக்கும், நம்ம மிஷினுக்கு ஆகாது. ஒரே ஒருத்தருதான் ஒரு மா நெலத்துல வச்சிருக்காரு. கையாலதான் அறுப்பாரு. களம் தூரம்னு ரோட்டுலயே காயப்போடுவாரு. பாவம், பட்டாளத்துப் பையன் செத்தான் பாருங்க, அவங்க அப்பாரு."

காரை நான் உடனே எடுக்கவில்லை. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரி மாதம், அறுவடை நேரம், பொழுது சாயும் வேளை. எங்கள் பக்கத்துச் சாலைகளில் அப்போது பாதி ரோடு நெல்லுக்குச் சொந்தம். விளிம்பில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். நானே எத்தனை தடவை அதன் மேல் வண்டியை ஏற்றி, திட்டு வாங்கியிருக்கிறேன். காய்ந்த நெல்லின் மேல் பைக் ஏறினால் சக்கரம் நிற்காது. ஆனால் அன்றைக்கு ரோட்டில் ஒரு கல்கூட இல்லை என்று போலீஸ் எழுதியிருந்தது. ஒரு கல்கூட இல்லாத ரோடு அறுவடைக் காலத்தில் ஏது? அந்த வரியைக் காலையிலேயே கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

அந்த அம்மாவிடம் போய் என்னவென்று சொல்வது என்று மேடத்தைக் கேட்டேன். தெரியவில்லை என்றார். மேடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போனபோது மழை விட்டிருந்தது. குழந்தைராஜ் அதே பின்வாசலில் இருந்தார். மேடம் வண்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார். குற்றம் சாட்டவில்லை. சேரன் சொன்னதை மட்டும் சொன்னார், டிரைவர் உட்காரும் இடம் இடப்பக்கம் என்று.

குழந்தைராஜ் திறந்திருந்த அந்த மூடியையே பார்த்தார்.

"அப்ப அவன் சீட்டத் தப்பா வச்சிட்டனா?" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இருதயம்மாள் வந்து நிலைப்படியில் நின்றார். அவரைப் பார்க்காமல், பலகையைத் தடவிக்கொண்டே, அந்த மனிதர் பேசினார்.

"பொழுது சாயுது, நெல்லக் கூட்டிக் குவிக்கலாம்னு பலகைய எடுத்தேன். வண்டி சறுக்குற சத்தம் கேட்டுச்சு. ஹெல்மெட் போட்ட ஆளு, தள்ளிப் போயி விழுந்து கெடந்தாரு. ரோட்டுல நெல்லு போட்டா இனிமே கேசுன்னு அந்த வாரந்தான் போலீசு வந்து சொல்லிட்டுப் போயிருந்தாங்க. கையும் ஓடல, காலும் ஓடல. மொதல்ல நெல்லத் தள்ளுனேன். வாய்க்கா ஓரமா அவ்வளவையும் தள்ளுனேன். கல்லையெல்லாம் பொறுக்கித் தண்ணியில போட்டேன். மொனகுற சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. யாரு பெத்த புள்ளயோன்னு நெனச்சுக்கிட்டே தள்ளுனேன்."

 பலகையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் கிட்டப் போயி ஹெல்மெட்டக் கழட்டுனேன்."

மேடம் இருதயம்மாளைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன், அவர் விழுந்துவிட்டால் பிடிக்கலாம் என்று. அவர் விழவில்லை. உள்ளே போய், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்து மேடம் கையில் கொடுத்தார். திறந்தால் ஏழெட்டு நெல்மணி. எல்லாவற்றுக்கும் வால் இருந்தது.

"ஆஸ்பத்திரியிலேருந்து அவன் துணிமணிய ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க" என்றார். "ஸ்வெட்டர்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வால் நெல்லு துணியில பட்டா லேசுல விடாது. நட்டது நான், களையெடுத்தது நான். எனக்குத் தெரியாதா?"

அப்படியானால் பிப்ரவரி மாதத்திலிருந்தே அவருக்குத் தெரியும். கல்லறையில் அந்த வண்டியைப் பார்த்த நிமிடமே செய்தவர் யார் என்பதும் தெரியும். தினமும் அதன் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியது எந்தப் பட்டாளத்தானுக்காகவும் இல்லை. பின்வாசலில் உட்கார்ந்திருந்தவரின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. அதற்கும் அவர் வாய் திறக்காததால்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் நன்னிலம் வரை போய் வந்தோம்.

ஏன் நீங்களே கேட்கவில்லை என்றார் மேடம்.

"நான் கேட்டா காட்டிக்குடுத்தவளா ஆயிடுவேன். அவரே சொன்னாத்தான் அவரு மனுசனா மிஞ்சுவாரு. அதுக்குத்தான் எம் புள்ளயக் குடிகாரன்னு ஊரு சொன்னதையும் சேத்து முழுங்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

குழந்தைராஜ் அப்போதுதான் அழுதார். சத்தமே வராத அழுகை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனம் கலைவதற்குள் எல்லாவற்றையும் கோயிலில் சொல்லிவிடுகிறேன், அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றார். கூட வருகிறேன் என்று மேடம் சொன்னார்.

இருதயம்மாள் கணவரின் எதிரே வந்து உட்கார்ந்தார். அந்த ஒரு வார்த்தையை இப்போதுதான் கேட்டார்.

"ஹெல்மெட்டக் கழட்டுனப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஒங்களப் பாத்தானா?"

"பாத்தான்."

"என்ன சொன்னான்?"

குழந்தைராஜ் பலகையிலிருந்து கையை எடுத்தார். 

"நெல்ல அள்ளியாச்சாப்பான்னு கேட்டான்."

இருதயம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அவன் அப்படித்தான் கேட்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சின்ன வயதில் மழைமேகம் கூடினால் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து அதைத்தான் கேட்பானாம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வண்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார். "இத மட்டும் கோயில்ல சொல்லாதீங்க. இது எனக்கு."